ரெய்னோவைக் கேட்டுச் சொல்கிறேன்

வெர்னா நிஸ்கனன் ஒரு பெண் என்பதில் எங்கள் பக்கத்தில் யாருக்கும் சந்தேகம் வந்ததில்லை. ஐம்பத்தெட்டு வருடமாக அவள் அப்படித்தான் இருந்தாள். அதற்கு ஆதாரம் என்ன என்று முதன்முதலாகக் கேட்டது வடக்கு ஏரிகள் பெண் தொழில்முனைவோர் சான்றளிப்பு மன்றம்.

அவள் செய்வது செப்டிக் டேங்க் சுத்தம் செய்யும் தொழில். எங்கள் பக்கம் வீடுகள் காட்டுக்குள் ஒன்றுக்கொன்று அரை மைல் தள்ளி இருக்கும். பாதாளச் சாக்கடை கிடையாது. இரண்டு மூன்று வருடத்துக்கு ஒரு தடவை யாராவது வந்து தொட்டியை உறிஞ்சி எடுத்துக்கொண்டு போக வேண்டும். முப்பத்தொரு வருடமாக அந்த யாராவது, பச்சை நிற நிஸ்கனன் லாரிதான். முதல் இருபத்தெட்டு வருடம் வெர்னாவும் அவள் கணவன் ரெய்னோவும் சேர்ந்து போனார்கள். ஒரு பிப்ரவரி மாதம் வாசலில் பனி அள்ளிக்கொண்டிருந்த ரெய்னோ, நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தான். எழுந்திருக்கவில்லை. பிள்ளைகள் இல்லை. அதற்குப் பிறகு அவள் தனியாகப் போகிறாள்.

மாவட்டத்துப் பள்ளிக்கூடங்கள், பூங்காக்கள் எல்லாவற்றின் தொட்டிகளும் அவள் பொறுப்பில்தான் இருந்தன. அந்த ஒப்பந்தம் இருப்பதால்தான் லாரி ஓடுகிறது. அது போனால் லாரியை விற்றுவிட்டு வீட்டில் உட்கார வேண்டியதுதான். வீட்டில் உட்காருவதை வெர்னாவால் நினைத்துப் பார்க்க முடியவில்லை. மார்ச் மாதத்தில் மாவட்ட அலுவலகத்து ஷெர்லீன் ஃபோன் செய்தாள்.

"இனிமே இந்த மாதிரி சின்ன ஒப்பந்தமெல்லாம் பொம்பளைங்க நடத்துற கம்பெனிக்குத்தானாம். உனக்கு யோகந்தான் வெர்னா. மே மாசக் கடைசிக்குள்ள அந்த மன்றத்துல ஒரு சான்றிதழ் மட்டும் வாங்கிட்டு வந்துடு. நீ பொம்பள, கம்பெனி உன்னோடது. ரெண்டு நிமிஷ வேலை."

விண்ணப்பம் எண்பத்து நாலு பக்கம் இருந்தது.

முதல் கேள்வி, விண்ணப்பதாரர் எந்தத் தேதியிலிருந்து பெண்? வெர்னா பிறந்த தேதியை எழுதினாள். அந்தத் தேதியிலிருந்து இன்றுவரை ஒவ்வொரு வருடத்துக்கும் ஓர் ஆவணம் இணைக்கவும் என்று அடுத்த வரி சொன்னது. பரணில் இருந்த பெட்டிகளை இறக்கினாள். பள்ளிக்கூட அட்டை, சர்ச்சில் எடுத்த படம், கல்யாணப் பத்திரம், பந்து உருட்டும் குழுவில் மூன்றாம் பரிசு வாங்கிய பத்திரிகைத் துண்டு என்று ஒவ்வொன்றாகச் சேர்ந்தன. ஒரு வருடத்துக்கு மட்டும் எதுவும் அகப்படவில்லை. கடைசியில் அவளும் ரெய்னோவும் பனி உறைந்த ஏரியில் மீன் பிடித்து நிற்கும் படம் ஒன்று கிடைத்தது. அதை வைத்து அனுப்பினாள். பத்து நாளில் திரும்பி வந்தது. "மீன் தெளிவாகத் தெரிகிறது. விண்ணப்பதாரர் தெளிவாகத் தெரியவில்லை. மேலும் படத்தில் ஓர் ஆண் இருக்கிறார்."

நாற்பதாம் பக்கத்தில், தொழிலின் முக்கிய முடிவுகளை எடுப்பவர் யார் என்று கேட்டிருந்தார்கள். நான் என்று எழுதினாள். அப்படி முடிவெடுக்கும்போது உடனிருப்பவர் யார்? அதற்கு நீளமாக ஒரு கோடு விட்டிருந்தார்கள். வெர்னா பேனாவைக் கீழே வைத்துவிட்டு எழுந்து காபி போட்டாள். குடித்துவிட்டு வந்து, யாரும் இல்லை என்று எழுதினாள். அந்தப் பக்கமும் திரும்பி வந்தது. கோட்டை முழுவதும் நிரப்ப வேண்டுமாம். பாதிக் கோடு காலியாக இருந்தால் பின்னால் யாராவது எதையாவது சேர்த்துவிடக்கூடும் என்று காரணமும் சொல்லியிருந்தார்கள். அவள் கோடு முடியும்வரை எழுதினாள். யாரும் இல்லை யாரும் இல்லை யாரும் இல்லை யாரும் இல்லை. நாலு தடவை சரியாகப் பிடித்தது.

ஏப்ரலில் அறிமுகப் பயிற்சி. நாலு மணி நேரம் லாரி ஓட்டிக்கொண்டு நகரத்து ஹோட்டலுக்குப் போனாள். ஹோட்டல்காரர்கள் லாரியைப் பார்த்துவிட்டு இரண்டு தெரு தள்ளி நிறுத்தச் சொன்னார்கள். வாசலில் ஒரு பெண் அவள் சட்டையில் சாம்பல் நிற அட்டை ஒன்றைக் குத்தினாள். அதில், "வெர்னா நிஸ்கனன், பெண் (நிலுவையில்)" என்று இருந்தது. கூடத்தில் நூற்றைம்பது பேர், எல்லோரும் நிலுவையில். மேடையில் இருந்தவர்கள் மட்டும் தங்க நிற அட்டை குத்தியிருந்தார்கள்.

மன்றத் தலைவி மர்லீஸ் வான்ஹோர்ன் பேசினார். அம்மையார் கையில் காகிதம் கிடையாது. மனதிலிருந்து பேசினார்.

"போன வருஷம் நானூத்திப் பன்னெண்டு பெண்கள் எங்க கதவைத் தட்டினாங்க. நாங்க எடுத்த கடுமையான நடவடிக்கையால ஒம்பது பேர்தான் உள்ள வர முடிஞ்சுது. இது பெண்களுக்குக் கிடைச்ச வெற்றி. அதுக்கு முந்தின வருஷம் பதினாலு பேர் வந்துட்டாங்க. அந்தத் தப்பு இனிமே நடக்காது. நாங்க பெண்களை முழுசா நம்புறோம். அதனாலதான் பதினேழு தடவை சரிபார்க்கிறோம். ஒவ்வொரு பெண்ணோட தொழிலுக்குப் பின்னாலயும் ஒரு ஆண் ஒளிஞ்சிருக்கான். அவனைக் கண்டுபிடிக்கிற வேலைக்கு நல்ல அனுபவம் உள்ள ஆண்கள் ஆறு பேரை நியமிச்சிருக்கோம்."

எல்லோரும் கை தட்டினார்கள். தட்டாதவர்களின் அட்டையை ஓர் ஆள் குறித்துக்கொண்டு போனான். மத்தியானச் சாப்பாட்டுக்கு வட்ட மேஜை போட்டிருந்தார்கள். புதிய தொடர்புகளை ஏற்படுத்திக்கொள்ளும் நேரம் என்று பெயர். ஆனால் நிலுவையில் உள்ளவர்கள் ஒருவருக்கொருவர் தொழில் ஆலோசனை சொல்லிக்கொண்டால் அது வெளியார் கட்டுப்பாடு ஆகிவிடும் என்பதால் பேசக் கூடாது. வெர்னா கோழிக்கறியை வெட்டி வெட்டித் தின்றாள். பக்கத்தில் இருந்த கூரை போடும் பெண், பேசாமல் உப்பை மட்டும் அவள் பக்கம் தள்ளி வைத்தாள். அந்த மாதத்தில் அவளுக்கு யாராவது எதையாவது எடுத்துக் கொடுத்தது அது ஒன்றுதான்.

திரும்பி வரும்போது நாலு மணி நேரமும் ரெய்னோவிடம் பேசிக்கொண்டே வந்தாள்.

இதைக் கொஞ்சம் விளக்க வேண்டும். லாரியில் பக்கத்து இருக்கையில் அவனுடைய தொப்பி அப்படியே கிடந்தது. ரெய்னோ இருந்த காலத்தில் அவர்களிடம் ஒரு வியாபாரப் பழக்கம் உண்டு. வேலை முடிந்ததும் வீட்டுக்காரர் கொஞ்சம் குறைத்துக்கொள்ளக் கூடாதா என்று இழுப்பார். வெர்னா முகத்தைப் பாவமாக வைத்துக்கொண்டு, "எங்க வீட்டுக்காரரைக் கேட்டுட்டு வரேன்" என்று லாரிக்குப் போவாள். ஏறி உட்காருவாள். ரெய்னோ ஃபிளாஸ்க் மூடியில் காபி ஊற்றிக் கொடுப்பான். விலையைப் பற்றி ஒரு வார்த்தை பேச மாட்டார்கள். அவன் ஒரு வாய், அவள் ஒரு வாய். இரண்டு நிமிடம் கழித்து இறங்கி வந்து, "முடியாதுன்னுட்டாரு" என்பாள். அந்த இரண்டு நிமிடத்துக்காகவே யாராவது பேரம் பேச மாட்டார்களா என்று இருக்கும்.

அவன் செத்து மூன்றாவது வாரம், ஆர்வோ லாத்தி என்ற கிழவர் வீட்டில் வேலை. அவர் வழக்கம்போல இழுத்தார். அவள் வாயிலிருந்து வழக்கம்போல அந்த வார்த்தை வந்துவிட்டது. லாரிக் கதவைத் திறந்து காலை வைத்த பிறகுதான் உறைத்தது. இறங்கிப் போய் என்ன சொல்வது என்று தெரியாமல் இரண்டு நிமிடம் உட்கார்ந்திருந்தாள். பிறகு போய், முடியாதுன்னுட்டாரு என்றாள். ஆர்வோ சரியென்று காசோலையை எழுதினார். கிழவருக்கு எண்பது வயது, மறந்திருப்பார் என்று அவள் நினைத்துக்கொண்டாள். அதற்குப் பிறகு எல்லா வீட்டிலும் அப்படியே தொடர்ந்தது. யாரும் ஒன்றும் கேட்கவில்லை. மனிதர்கள் எதையும் கவனிப்பதில்லை என்று அவளுக்கு ஆச்சரியமாகவும் வசதியாகவும் இருந்தது.

மே மாதம் நேரடி ஆய்வுக்கு மன்றத்திலிருந்து கார்ட்ரைட் என்பவர் வந்தார். அந்த ஆறு ஆண்களில் ஒருவர். இஸ்திரி போட்ட ஜீன்ஸ், புதுப் பூட்ஸ். ஆணைத் தேடுவதில் பதினோரு வருட அனுபவம் என்று தன்னை அறிமுகப்படுத்திக்கொண்டார். வாசல்படியிலேயே வேலையை ஆரம்பித்துவிட்டார்.

"இந்தப் பதிமூணாம் நம்பர் பூட்ஸ் யாரோடது மேடம்?"

"எங்க வீட்டுக்காரரோடது. செத்துப் போயிட்டாரு."

"ஆனா பூட்ஸ் வாசல்ல இருக்கு."

"ஆமா. இருக்கட்டும்னு விட்டுட்டேன்."

அவர் எழுதிக்கொண்டார். கொக்கியில் ஆண் சட்டை ஒன்று. அடுப்பு மேடையில் காபிக் கோப்பை இரண்டு, இரண்டும் அன்று காலையில் உபயோகித்தவை. இரண்டாவது கோப்பைக்கு அவள் விளக்கம் சொல்லப் பார்த்தாள். பழக்கத்தில் ஊற்றிவிடுவேன், ஆறின பிறகு நானே குடித்துவிடுவேன் என்றாள். விளக்கம் எழுத அந்தப் படிவத்தில் இடம் இல்லை. கோப்பைகளின் எண்ணிக்கைக்கு மட்டும் கட்டம் இருந்தது. இரண்டு என்று போட்டார்.

அடுத்து, தொழில் அவளுக்கே தெரியுமா என்று பார்க்க வேண்டும். அன்று ஆர்வோ வீட்டு முறை. கார்ட்ரைட் காரில் பின்னாலேயே வந்தார். வெர்னா மண்ணைத் தோண்டி, கான்கிரீட் மூடியைக் கடப்பாரையால் நெம்பிப் புரட்டினாள். குழாயை இழுத்து உள்ளே இறக்கினாள். காற்று அடிக்கும் பக்கம் நிற்காதீங்க என்று அவரிடம் சொன்னாள். வெளியார் உத்தரவுக்கு ஆய்வாளர் கட்டுப்படக் கூடாது என்று அவர் அங்கேயே நின்றார். கொஞ்ச நேரம் கழித்து ஆர்வோவின் ரோஜாச் செடிக்குப் பக்கத்தில் குனிந்து நின்று வாந்தி எடுத்தார். பிறகு வாயைத் துடைத்துக்கொண்டு, தொழில் அறிவு திருப்தி என்று எழுதினார்.

அதோடு முடிந்திருக்க வேண்டும். ஆர்வோ வெளியே வந்து, காசோலைப் புத்தகத்தை விரித்து வைத்துக்கொண்டு, அவர் வழக்கப்படி இழுத்தார்.

"ஏதாவது பாத்துக் குறைச்சுக்கயேன் வெர்னா. போன தடவைக்கு இந்தத் தடவை ஏத்தமா இருக்கே."

"இருங்க, ரெய்னோவைக் கேட்டுட்டு வரேன்."

சொல்லிவிட்டாள். லாரியை நோக்கி நடந்தும்விட்டாள். கதவில் கை வைத்தபோதுதான் முதுகுக்குப் பின்னால் கார்ட்ரைட்டின் பேனா ஓடும் சத்தம் கேட்டது. இனிமேல் திரும்பினாலும் தப்பு, திரும்பாவிட்டாலும் தப்பு. ஏறி உட்கார்ந்தாள். தொப்பியைப் பார்த்தாள். "போச்சு போ" என்றாள். இறங்கி வந்தாள்.

"முடியாதுன்னுட்டாரு."

"அவரு எப்பத்தான் சரின்னிருக்காரு" என்று ஆர்வோ எழுதிக் கொடுத்தார். கார்ட்ரைட் கடிகாரத்தைப் பார்த்து, ஆலோசனை நேரம் ஒரு நிமிடம் ஐம்பது விநாடி என்று குறித்தார். லாரிக்குள் எட்டிப் பார்த்தார். ஆள் இல்லை. அவருக்கு அதனால் சந்தேகம் கூடத்தான் செய்தது. இவ்வளவு நன்றாக ஒளியத் தெரிந்த ஆணை அவர் பதினோரு வருடத்தில் பார்த்ததில்லை.

விசாரணைக்கு வரச் சொல்லிக் கடிதம் வந்தது. குற்றச்சாட்டு, மறைமுக ஆண் கட்டுப்பாடு. மே மாதம் முடிய மூன்று நாள்தான் இருந்தது.

மன்றத்தின் பெரிய அறையில் நீள மேஜை. நடுவில் வான்ஹோர்ன் அம்மையார், ஒரு பக்கம் சட்ட ஆலோசகர், மறுபக்கம் கார்ட்ரைட். எதிரே வெர்னா, கையில் ரெய்னோவின் இறப்புச் சான்றிதழ். அதை முதலில் நீட்டினாள். சட்ட ஆலோசகர் இரண்டு பக்கமும் திருப்பிப் பார்த்தார். இது அவர் உரிமையாளர் இல்லை என்பதைத்தான் காட்டுகிறது, முடிவெடுக்கவில்லை என்பதைக் காட்டவில்லை என்றார். விதியில் எந்த ஆணும் என்றுதான் இருக்கிறதாம், உயிரோடு இருக்கும் எந்த ஆணும் என்று இல்லையாம்.

கார்ட்ரைட் எழுந்தார். அவளுடைய வாடிக்கையாளர்கள் இருபத்து மூன்று பேருக்கு ஃபோன் செய்து பேசியதை எழுதி வைத்திருந்தார். ஒவ்வொன்றாக வாசித்தார்.

முதல் ஆள். விலையை முடிவு செய்வது யார்? ரெய்னோதான், அவரைக் கேட்காம வெர்னா ஒண்ணும் பண்ண மாட்டா. அவரை நேரில் பார்த்தீர்களா? பாக்காம என்ன, லாரியிலதான இருப்பாரு. எப்படி இருக்கிறார்? அதே பிடிவாதந்தான்.

அடுத்தது கடைக்கார அம்மாள். போன மாதம்கூட ரெய்னோ ஒரு காசு குறைக்கவில்லை என்று குறைபட்டுக்கொண்டிருந்தாள். அதற்கடுத்தது சர்ச் போதகர். ரெய்னோவை அடக்கம் செய்தபோது ஜெபம் சொன்னவரே அவர்தான். அவரும், ஆமாம், அவர் லாரியில்தான் இருக்கிறார், தொந்தரவு செய்ய வேண்டாம் என்று சொல்லியிருந்தார். இருபத்து மூன்றாவது ஆர்வோ லாத்தி. அவர் ரெய்னோவின் சவப்பெட்டியின் முன்பக்கத்தைத் தூக்கியவர். "ரெய்னோ நல்லா இருக்காரு. வெர்னா அவரைப் பாத்துக்கிறா" என்று சொல்லிவிட்டு ஃபோனை வைத்துவிட்டாராம்.

வெர்னா மேஜையைப் பார்த்துக்கொண்டே கேட்டாள். யாரும் மறக்கவில்லை. யாரும் கவனிக்காமலும் இல்லை. மூன்று வருடமாக ஒவ்வொரு வீட்டிலும் அவள் லாரிக்குப் போகும்போது, இருபத்து மூன்று பேரும் தெரிந்தே வாசலில் காத்து நின்றிருக்கிறார்கள். சில பேர் அவள் போவதற்காகவே பேரம் பேசியிருப்பார்கள் போலிருந்தது. ஒரு வாய் தண்ணீர் குடித்தாள்.

"இருபத்து மூணு சாட்சி. ஒருத்தர்கூட மாத்திச் சொல்லல. இவ்வளவு பலமான ஆணை நாங்க இதுவரைக்கும் சந்திச்சதில்ல" என்றார் கார்ட்ரைட். குரலில் மரியாதை இருந்தது.

சட்ட ஆலோசகர் கேட்டார். "நீங்க எத்தனை தடவை கேட்டிருப்பீங்க? அவரு எத்தனை தடவை சரின்னாரு?"

"ஒரு தடவைகூட இல்ல."

"அப்ப, உங்க சார்பா எல்லா முடிவையும் அவருதான் எடுத்திருக்காரு."

"முடியாதுன்னு நான்தாங்க சொல்றேன். அவரு காபி ஊத்துவாரு. அவ்வளவுதான்."

அந்த வாக்கியத்தை எந்தக் கட்டத்தில் எழுதுவது என்று மூன்று பேரும் படிவத்தைப் புரட்டினார்கள்.

கடைசியில் வான்ஹோர்ன் அம்மையார் இரக்கத்தோடு முன்னால் சாய்ந்தார். "பாருங்க வெர்னா, நாங்க உங்க எதிரி இல்ல. நீங்க தனியா நிக்கணும்னுதான் இத்தனை பேர் கூடி உட்கார்ந்திருக்கோம். பதினொண்ணாம் நம்பர் உறுதிமொழியில கையெழுத்துப் போடுங்க. இன்னைக்கே சான்றிதழ் கொடுத்துடலாம்."

உறுதிமொழி மூன்றே வரி. எனக்கு யாரும் இல்லை. நான் யாரையும் கேட்க மாட்டேன். கேட்டால் சான்றிதழ் ரத்து. கீழே, இவருக்கு யாரும் இல்லை என்பதை நேரில் அறிந்த இரண்டு பேர் சாட்சிக் கையெழுத்துப் போட வேண்டும். அப்படி நேரில் அறிந்தவர் யாராவது உண்டா என்று சட்ட ஆலோசகர் கேட்டார். வெர்னா யோசித்தாள். இந்த இருபத்து மூன்று பேரைக் கேட்கலாம், ஆனால் அவர்கள் மாட்டார்கள். வேறு யாரும் நினைவுக்கு வரவில்லை. சாட்சிக்கு ஆள் இல்லை என்பதையே ஒரு சாட்சியாக எடுத்துக்கொள்ளலாம் என்று மன்றம் பெருந்தன்மையாக முடிவு செய்தது. இன்னொன்றுக்கு வாசல் காவலாளியைக் கூப்பிட்டார்கள். அந்த மனிதர் அவளைக் காலையில் கார் நிறுத்துமிடத்தில் பார்த்திருந்தார். தனியாகத்தான் வந்தாங்க என்று சொல்லிக் கையெழுத்துப் போட்டார்.

வெர்னா பேனாவை எடுத்தாள். லாரி கண்ணுக்கு முன்னால் வந்தது. கையெழுத்துப் போடாவிட்டால் லாரி போய்விடும், அவன் தொப்பி கிடக்கிற இருக்கையும் அதோடு போய்விடும். போட்டால் லாரி இருக்கும், அவன் இருக்கக் கூடாது. இதை ரெய்னோவிடம் கேட்டால் என்ன சொல்வான் என்று நினைத்தாள். உடனே, நினைப்பதும் ஆலோசனைக்குள் வருமோ என்று பயந்து நிமிர்ந்து பார்த்தாள். யாரும் குறித்துக்கொள்ளவில்லை. போட்டுவிட்டாள்.

எல்லோரும் எழுந்து கை தட்டினார்கள். அவளுடைய சாம்பல் அட்டையை எடுத்துவிட்டுத் தங்க அட்டை குத்தினார்கள். கார்ட்ரைட் கையைப் பிடித்துக் குலுக்கினார். "வாழ்த்துகள் மேடம். இனிமே நீங்க முழுப் பெண்." படம் எடுத்தார்கள். இந்த முறை முகம் தெளிவாகத் தெரிந்தது. சுற்றி நின்றவர்களில் மூன்று பேர் ஆண்கள், அதை யாரும் கேட்கவில்லை.

சான்றிதழைத் தொழில் நடக்கும் முக்கிய இடத்தில் எல்லோர் கண்ணிலும் படும்படி வைக்க வேண்டும் என்பது விதி. வெர்னாவுக்கு லாரியைத் தவிர வேறு இடம் இல்லை. கண்ணாடிச் சட்டம் போட்ட அந்தப் பெரிய சான்றிதழ் லாரியில் ஒரே ஓர் இடத்தில்தான் பொருந்தியது. தொப்பியை எடுத்து இருக்கைக்கு அடியில் வைத்தாள். சான்றிதழை அங்கே நிறுத்தி, வளைவுகளில் விழாமல் இருக்க இருக்கைப் பட்டையைப் போட்டாள்.

ஜூன் முழுவதும் பள்ளிக்கூடங்களில் வேலை சரியாக இருந்தது. பள்ளிக்கூடங்களில் யாரும் பேரம் பேச மாட்டார்கள். வீடுகளுக்குப் போனபோது, யாராவது குறைக்கச் சொல்லி இழுத்தால், நின்ற இடத்திலேயே முடியாது என்றாள். அவர்கள் காசோலையைக் கொடுத்துவிட்டு, இன்னும் ஏதோ பாக்கி இருப்பது போல நின்றார்கள். அவளும் அப்படித்தான் நின்றாள்.

ஜூலையில் ஆர்வோ கூப்பிட்டார். அவர் தொட்டியைச் சுத்தம் செய்து இரண்டு மாதம்கூட ஆகவில்லை. நிரம்பிவிட்டது போலிருக்கிறது, வந்து பார் என்றார். போய் மூடியைத் திறந்தாள். பாதம் நனையும் அளவுக்குக்கூட இல்லை.

"இதுல ஒண்ணுமே இல்லையே ஆர்வோ."

"இருக்கறதை எடேன். காசு என்னோடதுதான."

எடுத்தாள். ஐந்து நிமிடம் ஆகவில்லை. குழாயைச் சுருட்டினாள். ஆர்வோ காசோலைப் புத்தகத்தோடு படியில் உட்கார்ந்திருந்தார்.

"கொஞ்சம் குறைச்சுக்கயேன்."

"முடியாது" என்றாள்.

"நீயா சொல்ற?"

"நான்தான் சொல்லணும். எழுதிக் குடுத்திருக்கேன். மறுபடி கேட்டா சான்றிதழ் போயிடும். எப்ப வேணா வந்து சோதனை பண்ணுவாங்க."

ஆர்வோ சாலையை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் பார்த்தார். இரண்டு பக்கமும் பைன் மரங்கள்தான் நின்றன. பிறகு மெதுவாக எழுந்து, அவளுக்கு முதுகைக் காட்டி ரோஜாச் செடியைப் பார்த்துத் திரும்பி நின்றார்.

"எனக்குக் கண்ணு சரியாத் தெரியறதில்ல. காதும் அவ்வளவாக் கிடையாது. இந்த ரோஜா வேற அந்தாளு வாந்தியெடுத்ததுலேருந்து வாடிக் கெடக்கு, அதைப் பாக்கணும். ஒரு ரெண்டு நிமிஷம் ஆகும்."

வெர்னா லாரிக்குப் போனாள். பக்கத்து இருக்கையில் சான்றிதழ் பட்டை போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தது. பட்டையைக் கழற்றி, அதை எடுத்துக் காலடியில் கவிழ்த்து வைத்தாள். அடியிலிருந்த தொப்பியை எடுத்துத் தூசி தட்டி இருக்கையில் வைத்தாள். ஃபிளாஸ்க் மூடியில் காபி ஊற்றினாள். ஒரு வாய் குடித்தாள். கொஞ்சம் விட்டு இன்னொரு வாய் குடித்தாள். விலையைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை.

இறங்கி வந்தபோது ஆர்வோ இன்னும் செடியையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"முடியாதுன்னுட்டாரு."

"தெரியும்" என்று சொல்லி ஆர்வோ முழுத் தொகையையும் எழுதினார்.